உறவுமுறை என்னும் கட்டம்

ஜெரி இறந்த செய்தி எனக்குப் பிரெஞ்சில் வந்தது. வைத்தியசாலையிலிருந்து பேசிய பெண் மெதுவாக, இரண்டு தரம் சொன்னாள். எனக்கு விளங்கியது. ஆனால் பதினொரு வருடமாக என் வாய்க்குப் பழகிய பிரெஞ்சு, கடைக்காரனுக்குச் சொல்லும் பிரெஞ்சு மட்டும்தான். "மெர்சி, பொன் ஜூர்னே" என்றேன். நன்றி, நல்ல நாளாக இருக்கட்டும் என்று அர்த்தம். பிறகு அவளும் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

பக்கத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த செல்வம், "ஆர் மச்சான்?" என்று கேட்டான்.

"கிழவர் போயிட்டாராம்."

"அதுக்கோ விசரா மெர்சி சொன்னனீ?"

கார்ட்டியர்வில் தையல் தொழிற்சாலையில் எங்களோடு வேலை செய்த தமிழருக்கு ஜெரியை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். துணி வெட்டும் மேசையில் நின்ற அயர்லாந்து வழிக்காரர். எழுபது தாண்டியும் வேலையை விடவில்லை. கலியாணம் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஓர் அறை வீடு. அவர் பேசிய ஆங்கிலத்தை அப்படியே எழுதுமளவுக்கு நான் படித்தவனல்ல. எனவே அவர் சொன்னதையெல்லாம் எங்கள் தமிழிலேயே தருகிறேன். அவர் கோபிக்கமாட்டார்.

அவருடைய பாட்டனாரின் தகப்பன் சின்னப் பிள்ளையாக, பஞ்ச காலத்தில், அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்தவர். தாயும் தகப்பனும் இந்த ஊர் ஆற்றங்கரைக் கொட்டில்களில் காய்ச்சலில் செத்துப்போனார்கள். ஒரு பிரெஞ்சுக் கமக்காரக் குடும்பம் பிள்ளையை எடுத்து வளர்த்தது. தேவாலயப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் "பெற்றோர் தெரியாது" என்றும் இருக்கிறது. அந்த ஒரு வரிக்காக ஜெரி தன் சனிக்கிழமைகளையெல்லாம் செலவழித்தார். பழைய பதிவேடுகளின் படச்சுருள்களைப் பார்த்துப் பார்த்தே கண் மங்கிப்போனது.

ஒரு மதியச் சாப்பாட்டின்போது, "கண்டுபிடிச்சு என்ன செய்யப்போறீங்கள்?" என்று கேட்டேன்.

"சாகமுதல் உயிரோட இருக்கிற ஒருத்தரையாவது 'இவன் என்ர ஆள்' எண்டு எழுதவேணும். வேற ஒண்டுமில்லை" என்றார்.

ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை, பாலத்துக்குக் கிட்ட இருக்கும் கறுப்புக் கல்லைக் காட்டக் கூட்டிப்போனார். காய்ச்சலில் செத்த அயர்லாந்துக்காரருக்காக நட்ட கல் அது. இரண்டு பக்கமும் வாகனங்கள் பறந்துகொண்டிருந்தன. எனக்கு என்ன தோன்றியதோ, கோயில் வாசலில் நிற்பதுபோல் பனிக்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். ஜெரி என் காலைப் பார்த்தார்.

"போடு சப்பாத்தை. இந்தக் கல்லுக்கு இருக்கிற பிணமே போதும்."

அவர் என்னோடு ஒருமுறைதான் கோபித்தார். வம்சாவளி எழுதிய பெரிய தாளில் அந்தத் தாய் தகப்பனுக்குரிய இரண்டு கட்டங்களும் வெறுமையாகக் கிடந்தன. "ஏதாவது இரண்டு பேரை எழுதிவிடுங்கோவன், ஆர் வந்து பார்க்கப்போகினம்?" என்றேன். முகம் சிவந்துபோனது. "இல்லாத ஆளை எழுதினால் இருந்த ஆளை இரண்டாந்தரம் சாக்காட்டுற மாதிரி. பொய்ப் பதிவு என்ர கையால வராது" என்றார். அடுத்த நாள் முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

பிறகு எனக்கு ஒரு கடிதம் வந்தது. கொழும்பில் இருக்கும் மனைவியையும் மகனையும் கூப்பிட நான் விண்ணப்பித்திருந்தேன். மகனின் பிறப்பைப் பதிந்த கந்தோர் சண்டைக்காலத்துச் செல்லடியில் எரிந்துபோனது. பிந்தி எடுத்த பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைக் குடிவரவு அதிகாரிகள் நம்பவில்லை. அவன் என் மகன்தான் என்று டி.என்.ஏ சோதனையில் நிரூபிக்கச் சொன்னார்கள். செல்வம் பகிடி பண்ணினான்: "பயப்படாதை மச்சான். பொடியன் உன்ர மூக்கோடதானே பிறந்தவன், பாவம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று கட்டிவந்த சோற்றை நான் திறக்கவில்லை.

ஜெரி மட்டும் சிரிக்கவில்லை. "அயர்லாந்தில எங்கட பதிவேடுகளும் எரிஞ்சதுதான், எங்கட சண்டையில" என்றார். அதே மாதத்தில் அவரும் சோதனைக்குக் கொடுத்தார். தன் வீட்டு மேசையில் இருந்து, சின்னத் தூரிகையால் கன்னத்தின் உட்புறத்தை உரசித் தபாலில் போட்டார். எனக்கென்றால் ஒரு தாதி, ஒரு புகைப்படம், சாட்சிக் கையெழுத்து. ஜெரி அரைநாள் விடுப்பு எடுத்து என்னோடு வந்தார். பக்கத்துக் கதிரையில் இருந்து காதுக்குள் சொன்னார்: "பார், உன்ர எச்சிலுக்குக் காவல் போட்டிருக்கினம். என்ர எச்சிலைத் தபால்காரன் சும்மா காவிக்கொண்டு போறான்."

மகன் என் மகன்தான் என்று முடிவு வந்தது. மனைவி தொலைபேசியில், "சோதிச்சுப் பாத்துத்தான் நம்பினீங்களோ?" என்றாள். இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

ஜெரிக்கும் முடிவு வந்தது. அதே ஆண்வழியில் வந்த ஒருவர் அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருந்தார். எப்போது கிளை பிரிந்தது என்று சோதனை சொல்லவில்லை. ஆனாலும் ஜெரி அன்று வெட்டும் மேசையில் சீட்டியடித்தார். நாலு பக்கம் கடிதம் எழுதினார். கறுப்புக் கல்லின் படத்தையும் வைத்தார். இரண்டு மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது: எங்கள் குடும்பத்தில் யாரும் தொலைந்துபோகவில்லை. தயவுசெய்து இனி எழுதவேண்டாம்.

என்ன சொல்வதென்று தெரியாமல், "கிழிச்செறியுங்கோ" என்றேன். அவர் அதில் திகதி குறித்துத் துளையிட்டுக் கோப்பில் போட்டார். "பிடிக்காததும் பதிவுதான்" என்றார். பிறகு சனிக்கிழமைகளில் எங்கும் போகவில்லை. இருமல் தொடங்கியது. இலையுதிர்காலம் முடிய முன்னமே வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தார். அயர்லாந்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, என் மகனின் விசா வந்ததா என்று ஒவ்வொரு நாளும் கேட்டார்.

செய்தி வந்த அன்று நான் வைத்தியசாலைக்குப் போனபோது அலுவலகப் பெண் ஒரு படிவத்தைத் திருப்பிக் காட்டினாள். நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் என் பெயர். உறவுமுறை என்ற கட்டத்தில், ஜெரியின் கையெழுத்தில், "சகோதரன்".

அவள் என் முகத்தைப் பார்த்தாள். படிவத்தைப் பார்த்தாள். நக்கலாக அல்ல, வேலைக்காகத்தான் கேட்டாள்: நீங்கள் அவருடைய சகோதரனா?

இந்தத் தரமும் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. ஆனால் குடிவரவு விசாரணை அறைகளில் இருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. ஒரு பொய் பிடிபட்டால் முழுக் கோப்பும் போகும். என் மனைவியும் மகனும் அந்தக் கோப்புக்குள் இருந்தார்கள். "நண்பன்" என்றேன். அவள் அடிமட்டத்தை வைத்து நேராகக் கோடு இழுத்து "சகோதரன்" என்ற சொல்லை வெட்டினாள்.

நான் உறவினர் இல்லை என்றானதும் வேறு உறவினரைத் தேடத் தொடங்கினார்கள். அயர்லாந்துக்கும் எழுதினார்களாம். பதில் இல்லை. மூன்று கிழமை பிணவறைக் குளிரில் கிடந்தார். பிறகுதான் எங்களிடம் தந்தார்கள். அன்று சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த தொழிற்சாலைக்காரர் உங்கள் ஐந்து பேருக்கும் ஏன் அவ்வளவு சுணங்கியது என்று நான் சொல்லவில்லை. என்னால்தான் சுணங்கியது.

அவருடைய கோப்புகள் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. அந்த இரண்டு கட்டங்களும் வெறுமையாகவே இருக்கின்றன. அவற்றில் யாரையும் எழுதவிடமாட்டேன்.

அந்தப் பெண் கோடு இழுத்தபோது என் வாய்க்குள் ஒரு பதில் இருந்தது. ஓம், அவர் என்ர அண்ணை.