இருட்டெல்லாம் மாமாவுடையது

மாமாவுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள், நிலம் பார்ப்பதுபோலப் படம் பார்த்தார்கள். அவர்கள் பக்கத்து வழக்கம் அப்படி. நெய்க்காரப்பட்டிக்காரர்கள் மாப்பிள்ளையின் தோட்டத்தை நாலு மூலையும் நடந்து, கிணற்றை எட்டிப் பார்த்த பிறகுதான் சம்பந்தத்தைப் பற்றி வாய் திறப்பார்கள். என் தாய்மாமாவுக்குத் தோட்டமும் இல்லை, கிணறும் இல்லை. மதுரையில் ஒரு பத்திரிகை ஆபீசில் வேலை. அந்தப் பத்திரிகையில் தினமும் வரும் படக்கதையில் அவருக்கும் ஏதோ பங்கு உண்டு என்பார். அந்த 'ஏதோ'வைத் தரகரிடம் சொல்லும்போது அம்மா, "எந்தம்பிதான் அந்தப் படம் போடுது" என்று ஆக்கிவிட்டாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சென்னையிலிருந்து ஒரு மியூசியத்துக்காரர்கள், பத்திரிகைப் படக்கதைகளின் அசல் படங்களை லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் காட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வந்தார்கள். கோடை விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள். படங்களை அடுக்கவும் இறக்கவும் ஆபீசிலிருந்து மாமாவையும் கூட அனுப்பியிருந்தார்கள். "வந்து கண்ணால பாத்துட்டுப் போகட்டும்" என்று அம்மா நெய்க்காரப்பட்டிக்குச் சொல்லி அனுப்பினாள்.

நானும் அம்மாவும் முன்னதாகவே போய்விட்டோம். மழை வந்தால் கூரை ஒழுகுமோ, வராவிட்டால் கிணறு வற்றுமோ என்று இரண்டுக்கும் கவலைப்படுகிற பிள்ளை நான். அன்று கவலைப்படுவதற்குச் சரியான காரணமே கிடைத்தது.

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். படங்களை எல்லாம் பெஞ்சுகள்மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். பேப்பரில் விரல் நீளம் இருந்த படகு இங்கே முழங்கை நீளம் இருந்தது. பேச்சு எழுதிய காகிதத் துண்டுகளைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். தப்பாகப் போன இடங்களில் வெள்ளைப் பூச்சு திட்டுத் திட்டாகத் தெரிந்தது. "ஏலே, கறையத் தொடைக்காமலே கொண்டாந்து வச்சிருக்காய்ங்க பாரு" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே போனார்.

ஒவ்வொரு படத்தின் வலது கீழ்மூலையிலும் ஒரு பெயர் இருந்தது. நாலாவதோடு நின்றுபோன படிப்பு என்னுடையது. அந்த மூலையைப் படிக்க அது போதும். அங்கே இருந்தது மாமாவின் பெயர் இல்லை.

அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். "யம்மா, பேரு வேற."

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. "வாய மூடுடி. அச்சடிக்கிறவங்க பேரா இருக்கும்" என்றாள். ஆனால் அவள் முகம் மாறிவிட்டது.

அதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா, கூடவே பெண். பெண் பார்த்த மாதிரியும் ஆயிற்று என்று அவளையும் அழைத்து வந்திருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, எந்த மூலையில இருந்து ஆரம்பிக்குதுங்க?" என்று அம்மாவிடம் கேட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரப்பில் நடப்பதுபோல நடக்கத் தொடங்கினார். மனிதர் எழுத்துக் கூட்டிப் படிப்பவர். உதட்டை அசைத்து அசைத்து ஒரு பேச்சையும் விடாமல் படித்தார். படித்துக்கொண்டே மூலைக்கு வரத்தானே செய்வார்? நான் ஓடிப்போய் அந்த மூலையில் முதுகைச் சாய்த்து நின்றேன். அவர் அடுத்த படத்துக்குப் போனால் நானும் போனேன்.

"இந்தப் பாப்பா ஏனுங்க குறுக்காலயே வருது?"

"அவுக மாமன் படம்னா அதுக்கு உசுருங்க" என்றாள் அம்மா.

இவரைக் காவல் காத்ததில் பெண்ணை விட்டுவிட்டேன். திரும்பிப் பார்த்தால், கதவோரம் நின்றிருந்த மாமாவிடம் போய் நிற்கிறாள். பெண்ணின் அப்பா ஒரு படத்தின் நீளமான பேச்சில் மாட்டிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து நான் அங்கே ஓடினேன்.

"இதுல நீங்க போட்டது எதுங்க?" என்று கேட்டாள்.

மாமா மை படிந்த தன் நகங்களைப் பார்த்தார். பிறகு பக்கத்துப் படத்தின் கறுப்புக்குள் மங்கலாகத் தெரிந்த பென்சில் குறியைக் காட்டினார். "மூலையில பேரு இருக்குல்ல, அந்தப் பெரியவரு கோடு போட்டுட்டு, கருப்பு வரவேண்டிய எடத்துல இப்பிடிப் பெருக்கல் குறி வச்சுக் குடுப்பாரு. அங்கனயெல்லாம் நான் மை ரொப்புவேன். ராத்திரி, குகை, தலைமுடி. இருட்டெல்லாம் என்னோடது. அம்புட்டுத்தான்."

எங்கள் பள்ளியில் அந்தக் குறியைத் தப்புக்குப் போடுவார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அவள் குனிந்து அந்தக் கறுப்பை ஓரம் ஓரமாகப் பார்த்தாள். "கோட்டத் தாண்டி ஒரு எடத்துலயும் போகலீங்களே" என்றாள். மாமா நகங்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

அவள் அப்பாவிடம் திரும்பிப் போனாள். "இவரு பங்கு எவ்வளவு வரும் கண்ணு?" என்று நிலத்தில் பங்கு கேட்பதுபோல அவர் கேட்டார்.

"கருப்பா இருக்கற எடமெல்லாம் இவரு கையிதானுங்கப்பா. பாதிக்கு மேல வரும்."

அவர் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். திருடர்கள் கதை அது. பாதி ராத்திரியில் நடந்தது, மீதி குகையில். "ஆமா, வர்றாப்பலத்தான் இருக்குது" என்று தலையாட்டினார்.

கடைசிப் படம் ஒன்றுதான் பாக்கி. இருப்பதிலேயே பெரியது. மூலையில் பெயரும் பெரிதாக இருந்தது. நான் நின்றதோ மறுகோடியில். அவர் அதை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் ஓடிப்போவதற்குள் அந்தப் பெண் அவரை முந்திக்கொண்டு போய், படத்தின் வலது மூலையோரம் பெஞ்சில் இடுப்பைச் சாய்த்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். அவர் நிதானமாகப் படித்து முடிக்கும்வரை அசையவில்லை.

எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு முக்காலியைத் தேடி இழுத்து வந்து, "உக்காருங்க, கால் வலிக்கும்" என்றேன்.

"இருக்கட்டும் கண்ணு. நீ உக்காரு. நீதான் அப்ப இருந்து மூலைக்கு மூலை நிக்கற" என்று என் தலையைத் தடவினாள்.

ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். அம்மா வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள். எனக்கு மட்டும் புதிதாக ஒரு கவலை பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் வந்ததற்கே நிற்க முடியாமல் சாய்ந்துகொள்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டு, மாமா என்ன பாடு படப்போகிறாரோ?