முதலில் ஆடியவள்

எங்கள் மாமாவுக்குத் தோலைப் பார்க்கத் தெரியும், விளையாட்டைப் பார்க்கத் தெரியாது. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் தோல்களைத் தரம் பிரிக்கும் வேலை அவருக்கு. அப்பாவுக்கு லீவு கிடைக்காததால் அன்று என்னைக் காட்பாடியில் நடந்த ஸ்கேட்டிங் போட்டிக்கு ரயிலில் அழைத்துப்போனவர் அவர்தான்.

ஐஸை சர்பத்தில் மட்டுமே பார்த்த ஊர்க்காரர்கள் நாங்கள். எங்களுக்குச் சக்கர ஷூவும் பள்ளிக்கூடத்து சிமென்ட் தரையும்தான். பாட்டுக்கு ஆட வேண்டும். துள்ளலுக்கும் சுழலுக்கும் ஒரு மார்க், அழகுக்குத் தனி மார்க். மாநிலப் போட்டிக்கு ஒரே ஒரு பெண்தான் போகலாம். அது நானாக இருக்க வேண்டும் என்று வீட்டிலிருந்த சாமி படங்களையெல்லாம் தொந்தரவு செய்துவைத்திருந்தேன்.

ஆடும் வரிசைக்குச் சீட்டு எடுத்தேன். முதல் எண். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமாவின் முகம் தொங்கிவிட்டது.

"இன்னா பாப்பா, இப்டி எடுத்துட்ட? கட்டைப் பிரிச்சதும் வர்ற முதல் தோலு எவ்ளோ சுத்தமா இருந்தாலும் நான் ஒண்ணாம் தரத்துல போட மாட்டேன். அதவிட நல்லது பின்னால வந்தா இன்னா பண்றது? இவங்களும் கம்மியாத்தான் போடுவாங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து ஷூவை எடுத்தால், ஒரு சக்கரம் கழன்று கையோடு வந்தது. நட்டைக் காணோம். நான் ஓவென்று அழுதேன். மாமா என்னைவிடப் பதறினார். பெஞ்சுக்கு அடியில் தவழ்ந்துகூடத் தேடினார். போட்டி நடத்துபவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெடியா இல்லன்னா கடைசியா வரட்டும். ரெண்டாம் நம்பர், நீ வாம்மா."

இரண்டாம் நம்பர் குடியாத்தத்துப் பெண். லுங்கித் தறி ஓட்டும் அவள் அப்பா கூட வந்திருந்தார். ஷூ அவள் காலுக்குப் பெரியது. நுனியில் துணி அடைத்திருந்தாள். திடீரென்று கூப்பிட்டதில் திகைத்தவள், பாட்டு ஆரம்பித்ததும் வேறு ஆளாகிவிட்டாள். பாட்டு தயங்கிய இடத்தில் அவள் கையும் தயங்கியது. நான் அழுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். மாமாவும் தேடுவதை மறந்து எழுந்து நின்றுவிட்டார்.

அழகுக்கு மூன்று நடுவர்களும் ஆறு என்று அட்டை தூக்கினார்கள். ஆறு நல்ல மார்க்கா என்று அவள் அப்பா பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்.

"இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு" என்றார் அவர்.

அதற்குப் பிறகு ஆடியவர்களுக்கு அட்டைகள் மெல்ல ஏறின. ஆறரை வந்தது, ஏழு வந்தது. என் முறை நெருங்கியபோது மாமா, "கெடச்சிடுச்சு!" என்று கத்தினார். பெஞ்சுக்கு அடியில் தொலைந்த நட் அவர் சட்டைப் பையிலிருந்து வந்தது. எங்கிருந்து வந்தால் என்ன, வந்ததே பெரிது என்று இருந்தது எனக்கு.

ஆடினேன். துள்ளலுக்கு அவளுக்குக் கிடைத்த அதே மார்க்தான் எனக்கும். கடைசிச் சுழலில் கொஞ்சம் தள்ளாடியும் அழகுக்கு எட்டு போட்டார்கள். மெடல் என் கழுத்துக்கு வந்தது.

சந்தோஷத்தில் குதித்துக்கொண்டு மாமாவைத் தேடினால், அவர் வாசல் கடையில் அந்தப் பெண்ணுக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் அப்பா வேண்டாம் வேண்டாம் என்கிறார், இவர் விடவில்லை.

"உங்க பொண்ணு ரொம்ப நல்லா ஆடுச்சுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஜெயித்தவளுக்கு ஒரு சொட்டு இல்லை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

ரயிலில் கேட்டே விட்டேன். "அவளுக்கு மட்டும் ஏன் மாமா வாங்கிக் குடுத்த?"

மாமா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கட்டு முடிஞ்சதும், முதல்ல கீழ போட்ட தோலுங்கள மறுபடி எடுத்துப் பார்ப்பேன் பாப்பா. நல்லதா இருந்தா மேல ஏத்திடுவேன். இங்க அப்டி எடுத்துப் பார்க்க முடியாதுன்னு எனக்குத் தோணாமப் போச்சு."

வழக்கம்போல வேலைக் கதை சொல்கிறார் என்று நினைத்து, மெடலைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். தோலைப் பார்ப்பதுபோலவே முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்வார் எனக் காத்திருந்தேன். அப்படியே திருப்பிக் கொடுத்தார். ரயில் பெட்டிக்குள் வெளிச்சம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.