தபசு காலத்தில் லூர்துராணி விட்டது

என் தங்கை லூர்துராணி பாலக்கரையில் பிள்ளைகள் கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குக் கவுன் தைத்துவந்தவள். 1960-இல் அவளுடைய ஒரே மகள் அமலி, புதுநன்மைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஏழு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். மகளுக்கென்று வெட்டிய வெள்ளைத் துணி மெஷின்மேல் அப்படியே கிடந்தது. ராணி தூங்கவில்லை, சாப்பிடவில்லை, வாய் திறக்கவில்லை.

பேய் பிடித்திருக்கிறது என்று தெருவில் பேசினார்கள். தெருவுக்கு என்ன, எதையும் பேசும். அவள் கணவர் சவரிராயன் டாக்டரிடம் அழைத்துப்போனார். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். கூடவே, வியாழக்கிழமைதோறும் வந்து தன்னிடம் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்றார்.

"மாத்திரை தூங்க வைக்கும். மனசுல இருக்கறது பேசினாத்தான் வெளிய வரும். ரெண்டுல எதையும் விட்டுறாதீங்கம்மா."

ஆறே மாதத்தில் ராணி மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள். வியாழக்கிழமை என்றால் காலையிலேயே தலைசீவித் தயாராகிவிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடப்பிறந்த என்னிடம் சொல்லாததை யாரோ ஒரு டாக்டரிடம் கொட்டுகிறாளே!

விபூதிப் புதன் வந்தது. அன்றிலிருந்து பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாள் வரை தபசு காலம்; அதில் நமக்குப் பிடித்த ஒன்றை ஆண்டவருக்காக விடுவது எங்கள் வழக்கம். நான் காப்பியை விட்டேன்.

"நான் எதக்கா விடறது?" என்று கேட்டாள் ராணி.

"உனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த வியாழக்கிழமைப் பேச்சுதானே? அத விடு. அமலி ஆத்துமாவுக்கு ஒப்புக்கொடு. மாத்திரைதான் இருக்கே."

என் பொறாமைக்குப் பக்தி வேஷம் போட்டேன். அவள் நம்பினாள். மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கினாள். டாக்டரிடம் போவதை நிறுத்திவிட்டாள். சவரிராயன் கெஞ்சிப் பார்த்தார். "நேர்ந்துக்கிட்டேங்க" என்றாள். மூன்றாவது வாரமே தையல் நின்றது. எனக்குப் பயம் வந்து, "போயிட்டு வாடி" என்றேன்.

"தபசு முடியட்டும்க்கா."

பாஸ்கு முடிந்து வந்த வியாழக்கிழமை நானே அழைத்துப்போனேன். அந்த ஒரு மணி நேரமும் அவள் சொன்னது "ஒண்ணுமில்லீங்க" மட்டும்தான். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கடைசியா வந்தப்பதான் பொண்ணு பேரை முதல்முதலா சொன்னாங்க. மீதிய அடுத்த வியாழக்கிழமை சொல்றேன்னு போனாங்க. ஏன் வரலை?"



1968-இல் நெஞ்சுவலியில் போகிறவரை ராணி சாப்பிட்டாள், தூங்கினாள். அமலியின் பெயரை மட்டும் சொல்லவே இல்லை. ஒவ்வொரு பாஸ்குக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தபசு முடிஞ்சிருச்சு ராணி, இனிமே சொல்லும்மா" என்று அழுவேன்.

"என்னத்தக்கா சொல்றது?" என்று கேட்டபடி, என் கண்ணைத் துடைத்துவிடுவாள்.