மயிலைக் காளையின் இடக்கொம்பு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது. வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மாட்டாஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். டாக்டர் வாரம் ஒருநாள்தான் வருவார். மற்ற நாட்களில் நானே டாக்டர் என்ற நினைப்பு எனக்கு.

ஒருநாள், நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் தன் சாம்பல் நிற மயிலைக் காளையை ஓட்டி வந்தார். கணவர் இல்லை, நாலு ஏக்கர் தோட்டத்தை அவரேதான் பார்த்துவந்தார். காளை தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு அடிக்கடி உதறியது. எங்கேயோ முட்டியிருக்கும் என்று கொம்படியில் மருந்து தடவிக் கட்டுப் போட்டு அனுப்பினேன். பத்து நாளில் மறுபடி வந்தார்.

“ஏனுங்க, இது அடிபட்டதில்லீங்க. கழுவும்போது தட்டிப் பார்த்தேன். வலக்கொம்பு காலிக் குடமாட்டம் கேக்குது, இடக்கொம்பு ரொம்பின குடமாட்டம் கேக்குதுங்க. உள்ளுக்குள்ள என்னமோ அடைச்சிருக்குது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே புதுக் கட்டுப் போட்டேன். அவர் காளையை ஓட்டிக்கொண்டு போனார். ஆனால் டாக்டர் வரும் நாளை விசாரித்துவைத்துக்கொண்டு, அன்று காலையிலேயே காளையோடு வாசலில் நின்றார். அதன் மூக்கில் ரத்தம் கசிந்திருந்தது.

டாக்டர் இரண்டு கொம்புகளையும் தட்டினார். திரும்பத் திரும்பத் தட்டினார். பிறகு ரம்பத்தை எடுக்கச் சொன்னார்.

மரத்துப்போக ஊசி போட்டு, காளையைப் படுக்கவைத்துக் கொம்பை அறுத்தோம். அந்த அம்மா அதன் தலையை விடாமல் பிடித்திருந்தார். வெற்றிடமாக இருக்க வேண்டிய உட்புறம் முழுக்க, கோழிக்கொண்டைப் பூ மாதிரி சிவந்த சதை. டாக்டர் அதை அடியோடு வழித்தெடுத்தார்.

“புத்துநோயுங்க இது,” என்றார் டாக்டர். “வெளியில இருந்து வந்த பூச்சி இல்ல. கொம்புக்குள்ள இருக்கற சவ்வுல கண்ணுக்கே தெரியாத ஒரு உயிரணு, நிக்க வேண்டிய எடத்துல நிக்காம ரெண்டாகி, நாலாகி வளந்துபோச்சு. அதோட சொந்தச் சதைதான். அடங்க மறந்துபோச்சு.”

“வேற எடத்துக்குப் பரவியிருக்குமுங்களா?” என்று கேட்டார் அந்த அம்மா.

“அதுல ஒரு துணுக்கு பிஞ்சு போயிருந்தா, மொதல்ல இந்தக் காதுக்குக் கீழதான் கட்டியாட்டம் நெறி கட்டும். அப்படின்னா அறுத்தும் பிரயோசனமில்லீங்க.”

டாக்டரின் விரல்கள் அங்கே மெல்லத் தடவின.

“நெறி கட்டலீங்க அம்மணி.”

எத்தனை நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டபோது, “கொஞ்ச நாளாத்தானுங்க. கம்பவுண்டர் கட்டுப் போட்டு உட்டாங்க,” என்று மட்டும் சொன்னார். நான் சிரித்ததைச் சொல்லவில்லை. என்னால்தான் அதைத் தாங்க முடியவில்லை. நடந்ததையெல்லாம் நானே டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. அந்த அம்மாவிடம் திரும்பி, “காதாலயே கண்டுபுடிச்சுப்போட்டீங்களே!” என்று கும்பிட்டார்.

அதன்பின் வாராவாரம் அந்த அம்மாவே காளையின் காதடியைத் தடவிப் பார்த்தார். நெறி கட்டவே இல்லை. ஒற்றைக் கொம்போடு அது பல வருஷம் அவர் கிணற்றில் தண்ணீர் இறைத்தது.

புற்றைப் பற்றிப் பின்னாளில் எவ்வளவோ கேள்விப்பட்டேன். ஆனாலும் அந்தப் பேச்சு வந்தால், என்னோடு சண்டை போடாமலும், தனக்குத் தெரிந்ததை விட்டுக்கொடுக்காமலும் நின்ற அவர் முகம்தான் எனக்கு நினைவுக்கு வரும்; யாராவது வந்து ‘என்னமோ சரியில்லீங்க’ என்றால், இன்றைக்கும் கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்கிறேன்.