மூன்று நிமிட வளையம்

டிசம்பர் இருபத்தாறு, நத்தாருக்கு மறுநாள் காலை எங்கள் ஊர் பண்டத்தரிப்பு வானத்தில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. அதற்காக அக்கா இரண்டு வருடம் காத்திருந்தாள். உயர்தர வகுப்பில் கணிதம் படித்துக்கொண்டிருந்தவள், வளையம் நிற்கப்போகும் மூன்று நிமிடங்களையும் தாளில் எழுதி அறைக் கதவில் ஒட்டியிருந்தாள். கொழும்பிலிருந்து கிரகணம் பார்க்கும் அட்டைக் கண்ணாடிகளும் எடுப்பித்திருந்தாள். ஒன்று அவளுக்கு, மற்றது எனக்கு.

எனக்கு ஒன்பது வயது. அந்தக் கண்ணாடியின் கறுப்புத் தாள் எவ்வளவு தடிப்பு என்றறிய நத்தார் பின்னேரம் பேனா முனையால் குத்திப் பார்த்தேன். ஓட்டை விழுந்துவிட்டது. சொன்னால் கூட்டிப்போகமாட்டாள் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் ஊரே நின்றது. வளையம் தோன்றும் நேரம் நெருங்கியபோது அக்கா ஒருதரம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஓட்டை வழியே என் இமையில் சின்ன வெளிச்சப் பொட்டு விழுந்திருக்க வேண்டும். கண்ணாடியைப் பறித்துவிட்டு என் கண்களைப் பொத்தினாள்.

"மேலை பாக்காதை. கண் போயிடும்."

"அப்ப உங்கடையைத் தாங்கோ."

அவள் தருவதற்குள் நானே எட்டிப் பறித்தேன். அது இரண்டாகக் கிழிந்தது. சுற்றி எல்லோரும் ஒரேயடியாக ஆரவாரித்தார்கள். வளையம் வந்துவிட்டது. நான் திமிறினேன், அவள் கையைக் கடித்தேன். அவளோ என் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு குனிந்தே நின்றாள். விட்டபோது எல்லாம் முடிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "அக்கா தான் மட்டும் பாத்திட்டா, என்னைப் பாக்க விடேல்லை" என்று அழுதேன்.

"சின்னப்பிள்ளைக்கு ஒருக்கால் காட்டினால் என்ன குறைஞ்சு போகும்?" என்று அம்மா ஏசினார். அக்கா அந்த ஓட்டையைப் பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை. நான் ஒரு கிழமை முழுக்க அவளோடு கதைக்கவில்லை.

போன மாதம் எங்கள் வானியல் கழகச் சஞ்சிகைக்கு எழுதுவதற்காக, மணமாகி கொடிகாமத்தில் இருக்கும் அக்காவைத் தொலைபேசியில் அழைத்து அந்த வளையம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நான் எங்கை பாத்தனான்?" என்றாள் சாதாரணமாக. "உன்னைப் பிடிச்சுக்கொண்டெல்லோ நிண்டனான்."

கிரகணத்தன்று முழுவதும் எனக்குக் கிடைக்காத வளையத்துக்காகவே அழுதேன். அந்த மைதானத்தில் அதைப் பார்க்காமல் போனவர்கள் இரண்டு பேர் என்பது என் புத்திக்கு எட்டவேயில்லை.