எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது

கல்யாணமான புதிதில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எனக்கு மூன்று முறை கரு தரித்தது. ஒன்றுகூட மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. தலவாக்கலைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் நான் பிள்ளைக் காம்பரா ஆயா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்ப்பதுதான் என் வேலை. ஒவ்வொரு முறை கரு கலைந்த பிறகும் அந்தக் குழந்தைகளிடம்தான் திரும்பிப் போனேன்.

என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில், தூள் காயவைக்கும் அடுப்புக்கு விறகு போடுபவர். நாள் முழுக்க அனலில் நிற்பார், பீடியும் விடமாட்டார். டிக்கோயா ஆஸ்பத்திரியில் அவரையும் சோதித்தார்கள். விந்தணு எண்ணிக்கை சரி, ஓட்டமும் சரி என்றார்கள். அதோடு அவரைப் பற்றிய பேச்சு முடிந்தது.

மாமியார் கொடுமைக்காரி இல்லை. எனக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார், கோயிலில் நேர்ந்துகொண்டார். ஆனால் எங்கள் லயத்து வீடுகளில் யாராவது கேட்டால், "அவனுக்கு ஒண்ணுமில்லங்க, டாக்டரே சொல்லிட்டாரு. இவ வயித்துலதான் தங்க மாட்டேங்குது" என்பார், நான் பக்கத்தில் இருக்கும்போதே. என் வயிறுதானே? நானும் அப்படித்தான் நம்பினேன்.

பிறகு கரு தரிக்கவே இல்லை. மாமியார் இறந்து ஒரு வருடம் கழித்து, எனக்கு நாற்பது நெருங்கும்போது, யாரோ சொன்னார்கள் என்று கண்டியில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். யாழ்ப்பாணத்துக்காரர். என்னை விட்டுவிட்டு என் கணவரிடம் வேலையைப் பற்றிக் கேட்டார்; அவர் அடுப்பையும் பீடியையும் சொன்னார்.

"எண்ணிக்கையும் ஓட்டமும் வெளிய தெரியிற விசயம். உள்ளுக்க இருக்கிற டி.என்.ஏ. உடைஞ்சு கிடந்தா, கரு தரிச்சாலும் நிக்காமப் போகலாம். அதையும் ஒருக்கா பாப்பம்."

அந்தச் சோதனை அப்போது அங்கே இல்லை. மாதிரியை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். முடிவு வந்ததும் டாக்டரம்மா என் கணவர் முகத்தைப் பார்த்தே சொன்னார், உடைவு மிக அதிகம் என்று.

"அப்ப இத்தன வருசமா இவகிட்ட கொறையே இல்லீங்களா?"

"அப்பிடி அடிச்சுச் சொல்லேலாது. ஆனா அவவை மட்டும் சொன்னது பிழை. சூட்டாலயும் வரும், புகையாலயும் வரும். ரெண்டையும் விடுங்கோ. புது அணு ஊற ஒரு மூண்டு மாசம் எடுக்கும்."

அன்றோடு என் கணவர் பீடியை விட்டார். தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்டு வெளிவேலைக்கு மாறினார். அடுத்த சோதனையில் உடைவு குறைந்திருந்தது. ஆனால் அதற்குள் எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. மாதவிலக்கும் தாறுமாறாகிவிட்டது. இனி உங்கள் வயதுதான் இடம் கொடுக்கவேண்டும் என்றார் டாக்டரம்மா. கொடுக்கவில்லை.

கொழுந்தன் மகளுக்குக் காது குத்திய அன்று, ஒரு பெரியம்மா என்னைப் பார்த்து, "நீ கொஞ்சம் பின்னால நில்லு தாயி" என்றார். நான் நகர்ந்தேன். என் கணவர் எழுந்து நின்றார்.

"இவ ஏன் பின்னால நிக்கணும்? கொற எங்கிட்ட. சோதிச்சுப் பாத்தாச்சு."

பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அத்தனை பேருக்கு நடுவில் அவர் ஒருவராக நிற்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைப் பிடித்து உட்காரவைத்தேன்.

அந்தத் தொழிற்சாலை அடுப்பை விட்டு மூன்று மாதம் விலகியிருந்தால் போதுமாக இருந்திருக்குமோ என்னவோ. கரு கலைந்த அந்த நாட்களில் அதைக் கேட்க எங்களுக்கும் தெரியவில்லை, சொல்லவும் யாருமில்லை.