காளிதாசன் மூடிய பலகை

காளிதாசன் படகை விட்டு இறங்கி, படகுத்துறையில் அவன் தலை மறைந்ததும் பரஞ்சோதி ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிடுவார். அவன் மூடிவிட்டுப் போன பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, உள்ளே தலையை விட்டுக் குற்றம் தேடுவார். ஒரு திருகு தளர்ந்திருக்கக் கூடாதா, ஒரு முனை துருப்பிடித்திருக்கக் கூடாதா! ஒன்றும் அகப்படாது. "சுத்தமாத்தான் பண்ணியிருக்கான், சனியன்" என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்ப மூடுவார்.

மலேசியாவின் லங்காவித் தீவில் உல்லாசப் படகுகளுக்கு ஒயர் இழுப்பது பரஞ்சோதியின் தொழில். பாடாங் மேஹா தோட்டத்தில் பிறந்து, கூலிம் தொழிற்சாலையில் சில காலம் இருந்து, கடல் தாண்டி வந்தவர். ஒயர்களைத் தலை வாரியதுபோல் படியவைப்பார். கட்டிய பிளாஸ்டிக் பட்டையின் வாலை நறுக்கிவிட்டு விரலால் தடவிப் பார்ப்பார். கீறினால் மறுபடியும் நறுக்குவார். இவ்வளவு செய்தும் பாராட்டு என்னவோ காளிதாசனுக்குத்தான். வழிகாட்டும் திரை, ராடார், திசைகாட்டி எல்லாம் பொருத்துகிறவன் அவன். படகுக்கு வருகிறவர்கள் திரையைத் தொட்டுப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள்.

"உள்ள ஓடுற ஒயர யாருலா பாக்குறா? எல்லாரும் மாப்பிள்ளை மொகத்தத்தான் பாப்பாங்க. சோறாக்குனவன யாரு பாப்பா?" என்று பரஞ்சோதி பொருமுவார்.

காளிதாசன் நல்லவன். பரஞ்சோதிக்கு அதுதான் தாங்கவில்லை. "அண்ணே, எங்கக்கா கொல்லை டுரியான்" என்று அவன் கொண்டுவந்து கொடுத்தால், சுளைகளை ஒன்றுவிடாமல் விழுங்கிவிட்டு, "சுமார்தான்லா" என்பார். அவர் மனைவி நவமணி ஒருநாள் கேட்டே விட்டாள்: "அந்தப் புள்ள ஒங்கள என்னங்க பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. அதான் எரியுது."

படகின் முதலாளி இன்னும் பெரிய படகு ஒன்று வாங்கப்போகிறாராம். இந்தப் படகின் வெள்ளோட்டம் முடிந்ததும், அந்தப் பெரிய படகின் வேலை முழுவதையும் இருவரில் ஒருவர் பொறுப்பில் விடுவதாகக் கேப்டன் சுல்கிப்லி சொல்லியிருந்தார். அன்றிலிருந்து பரஞ்சோதிக்குத் தூக்கமே இல்லை.

வெள்ளோட்டத்தன்று கடலுக்குள் போன சிறிது நேரத்திலேயே கோளாறு. படகு தெற்கே போகிறது. திரையில் அதன் மூக்கோ கரையைப் பார்த்து நிற்கிறது. சுல்கிப்லி முகத்தைச் சுளித்தார். காளிதாசனுக்கு வியர்த்துக் கொட்டியது. பரஞ்சோதிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. "நான் அப்பவே நெனைச்சேன்" என்று சொல்ல வாயெடுத்தவர், அப்படியே மூடிக்கொண்டார்.

நேற்றுச் சாயங்காலம் படகின் முன்னறைக் கட்டிலுக்கடியில் காளிதாசன் பொருத்திய திசைகாட்டிப் பெட்டியை அவர் குடைந்துகொண்டிருந்தபோது, "அண்ணே, இருக்கீங்களா?" என்று அவன் குரலே கேட்டது. அவசரமாகப் பலகையை மூடினார். டார்ச் உள்ளேயே கிடக்கிறது. அடியில் காந்தம் வைத்த டார்ச். திரைக்குத் திசை சொல்லும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இரும்பே ஆகாதென்று காளிதாசன் பித்தளைத் திருகு போட்டிருந்தான். இவர் காந்தத்தையே வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் பெரிய படகு அவருக்குத்தான். கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். காளிதாசன் அவரிடமே வந்து, "எனக்கு ஒண்ணும் புரியலண்ணே. நீங்க கொஞ்சம் பாருங்கண்ணே" என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது.

"நான் கீழ ஒயர பாக்குறேன். நீ ஸ்கிரீன அணைச்சுட்டு மறுபடி போடு" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

பலகையைக் கழற்றி டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். திரை சரியாகிவிட்டதென்று மேலே ஒரே ஆரவாரம்.

"பண்டாய் லா காளி!" சுல்கிப்லிதான். கெட்டிக்காரன் என்று மலாயில் கொண்டாடுகிறார். முதுகில் தட்டும் சத்தம் கீழேவரை கேட்டது. பெரிய படகையும் நீயே செய் என்றார்.

காளிதாசன் அணைத்துவிட்டு மறுபடி போட்டதால் சரியாயிற்றாம்!

பரஞ்சோதியின் வலக்கை, டார்ச்சோடு, தானாகவே அந்தப் பெட்டியை நோக்கி நீண்டது. அவர் இடக்கையால் அதன் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, மேலே சிரிப்பு அடங்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.